டப்பா டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு எடுத்த டீச்சருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருந்தது. அது எங்கேயும் புழங்கவில்லை. பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பள்ளிக்கூட வாசலில் பென்சில் விற்கிறவருக்கும் அவர் டப்பா டீச்சர். கட்டின புருஷனே வீட்டில் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் முன்னால் ‘டப்பா’ சேர்ந்துகொள்ளும்.

புருஷன் டவுன் பஸ் டிரைவர். டிப்போவில் கிளம்பி, கடைவீதி, ஆஸ்பத்திரி, பாலம் என்று சுற்றிக்கொண்டு ரயில் நிலையம் போய்த் திரும்புகிற வண்டி. அவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் எந்நேரமும் ஒரு மூட்டை உட்கார்ந்திருக்கும். மருந்துக்கடை ஸ்டாப்பில் காலி மாத்திரைப் புட்டிகளோடு ஒருவர் நிற்பார். தையல்கடைக்காரர் நூல் தீர்ந்த கட்டைகளைப் பையில் கட்டி ஜன்னல் வழியாக நீட்டுவார். பேக்கரியிலிருந்து நசுங்கின பிஸ்கட் டின்கள் வரும். சைக்கிள் கடையிலிருந்து கிழிந்த டியூப்.

“அண்ணே, மெதுவா. அண்ணி சாமான் நிக்குது” என்று கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். ஆள் நின்றால்கூட அவ்வளவு அக்கறையாகச் சொல்ல மாட்டார்.

“என்ன டிரைவரே, கடை போடப் போறீங்களா?” என்று முன் சீட்டில் யாராவது கேட்பார்கள்.

“கடை போட்டாலாவது நாலு பேரு மதிப்பான். இது டீச்சரோட அரண்மனைக்குப் போற சீர்வரிசைங்க” என்பார் டிரைவர், ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டே.

அலுத்துக்கொள்வாரே தவிர, ஒரு நாளும் எந்தக் கடைக்காரரையும் விட்டுவிட்டு வண்டியை எடுத்ததில்லை.

மத்தியான இடைவேளையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்பார். டிப்போவின் பின் கேட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடச் சுவர். இரண்டாம் வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே போக மாட்டார். டீசல் வாடை அடிக்கும் காக்கிச் சட்டையோடு பிள்ளைகள் நடுவில் போக அவருக்குக் கூச்சம்.

மற்ற வகுப்புகளில் பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் தெரியும். இங்கே பெஞ்சுகளையெல்லாம் சுவர் ஓரமாக ஒதுக்கியிருப்பார் டீச்சர். பழப்பெட்டிகளை அடுக்கிச் செய்த அலமாரி, பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு. அதில் வரிசையாக டப்பாக்கள். ஒன்றில் மணி, ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் மூடி, ஒன்றில் கம்பி. ரப்பர் செருப்பிலிருந்து வெட்டின எழுத்துகள் ஒரு பெரிய டின் நிறைய. ஒரு தட்டு நிறைய மணல். சுவரில் தரையிலிருந்து பிள்ளைகளின் கை எட்டுகிற உயரம்வரை கறுப்புப் பெயிண்ட். வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகள் அலமாரிக்குப் போய், அன்றைக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரு பெண் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்துப் படிக்கும். இன்னொன்று ஜன்னல் திண்டில் நின்றுகொண்டே எழுதும். ஒரு பையனுக்குப் பென்சில் விரலில் நிற்காது. முஷ்டியில் பிடிப்பான். டீச்சர் அவன் பென்சிலில் துணி சுற்றி நூல் கட்டி, கத்திரிக்காய் பருமனுக்கு ஆக்கிக் கொடுத்திருந்தார். நொண்டியடித்துக்கொண்டே எண்ணினால்தான் எண் வரும் என்று ஒரு பிள்ளை. உட்காரவைத்தால் பன்னிரண்டுக்குப் பிறகு பேந்தப் பேந்த முழிக்கும். குதிக்கவிட்டால் நூறுவரை போய்விட்டு மூச்சிரைக்க நிற்கும்.

“ஏன் டீச்சர், இதுங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துருக்குதா, சர்க்கஸுக்கு வந்துருக்குதா?” என்று ஜன்னல் வழியாக ஒரு தரம் கேட்டார்.

“எனக்கு ‘அ’ வேணும். அது பேனாவுல வருதா, மண்ணுல வருதா, செருப்புல வருதாங்கறது அதோட இஷ்டம். மூட்டைய அங்க வெச்சுட்டுக் கெளம்புங்க. ஆம்பளக் குரல் கேட்டா ஒண்ணு பேசாது” என்றார் டீச்சர்.

அந்த ‘ஒண்ணு’ ஒரு சின்னப் பெண். வருஷம் பாதி ஓடியும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஊமை என்று மற்ற டீச்சர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அது தினமும் நூல் கட்டைகள் டப்பாவைத்தான் எடுக்கும். டீச்சர் கட்டைகளுக்கு மையால் கண், மூக்கு வரைந்து வைத்தார். கேள்வி கேட்கவே மாட்டார். பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் டிரைவர் ஜன்னலில் நிற்கும்போதே, அந்தப் பெண் இரண்டு கட்டைகளை எடுத்து, ஒன்றின் காதில் இன்னொன்று சொல்வதுபோல், கீச்சுக்குரலில் ஒரு முழுக் கதையைச் சொல்லிவிட்டது. டீச்சர் தலையைத் தூக்கவில்லை. கண் மட்டும் ஜன்னலுக்கு வந்து, ‘நகராதீங்க’ என்றது. டிரைவர் கம்பியைப் பிடித்தபடி மரமாக நின்றார். அன்றைக்கு அவர் வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. டிப்போவில் நேரம் பார்க்கிற கண்ட்ரோலர் சத்தம் போட்டார். டிரைவருக்கு அது காதிலேயே விழவில்லை.

தலைமையாசிரியர் ஒருநாள் வகுப்புக்குள் வந்து, கால் வைக்க இடம் தேடிக்கொண்டே, “என்னம்மா இது, சந்தைக்கடை மாதிரி?” என்றாராம்.

“ஆமா சார். வேணுங்கறத எடுத்துக்கலாம். நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க” என்றாராம் டீச்சர். அவர் யோசித்து ஒரு சோழியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் நடந்த சண்டைகள் வேறு. கூடத்தில் கால் வைத்தால் டின் உருளும். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் போகாது. ஒருநாள் விடியற்காலை டிரைவர் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்று தேடுகிறார், செருப்பைக் காணோம்.

“டீச்சர், என் செருப்பு எங்க?”

உள்ளே டின் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

“டப்பா டீச்சர்!”

“அது பழசுன்னுல்ல நெனச்சேன்...”

“போன மாசம் வாங்கினது!”

“நல்ல தடிமனா இருந்துச்சுங்க. ‘ழ’ வெட்டறதுக்கு அந்தத் தடிமன் வேற எதுலயும் கெடைக்காது. மத்த ரப்பர்ல வால் பிஞ்சு வந்துருது.”

அன்றைக்கு டிரைவர் வெறுங்காலோடு பிரேக் மிதித்தார். மத்தியானம் ஜன்னலில் நின்று பார்க்கும்போது, ஒரு பிள்ளை அவருடைய செருப்பில் பிறந்த ‘ழ’வைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் சுழியில் விரலை விட்டு விட்டு எடுத்தது. அவருக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மழைக்காலத்தில் அந்த வகுப்பைப் பார்க்க வேண்டும். ஓடு ஒழுகும். மற்ற வகுப்புகளில் பிள்ளைகளை ஒரு மூலையில் ஒண்டவைப்பார்கள். இங்கே ஆளுக்கொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டுக் குந்திக்கொள்ளும். பிஸ்கட் டின்னில் ஒரு சத்தம், மாத்திரைப் புட்டியில் ஒரு சத்தம், பெயிண்ட் வாளியில் ஒரு சத்தம். எது முதலில் நிரம்பும், எது கடைசியில் நிரம்பும் என்று பந்தயம். வாய் அகலமா, வயிறு அகலமா என்று வாதம். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்று கேட்பார். ஈர மண் வாசனையும், நனைந்த பிள்ளைகளின் தலை வாசனையும், ஜன்னல் வழியாக வரும் சுண்ணக்கட்டித் தூளும் சேர்ந்து ஒரு வாசனை. வேறெங்கும் அது அவருக்குக் கிடைத்ததில்லை.

டீச்சர் ஓய்வு பெற்றபோது எல்லா டப்பாக்களையும் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டில் மிச்சம் இருந்ததையும் டிரைவர் தன் கையாலேயே மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் தங்குதடையில்லாமல் போய் வந்தது. “அப்பாடா, வீடு வீடா இருக்கு” என்று இரண்டு நாள் சொன்னார். மூன்றாவது நாளிலிருந்து ஏனோ சொல்லவில்லை.

அதற்குப் பிறகு டிரைவரும் ஓய்வு பெற்று, சில வருஷங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. ஒருநாள் காலையில் டீச்சர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். தம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. டிரைவர் போய்ப் பார்த்தபோது டீச்சர் சுவரோடு சாய்ந்து சரிந்துகொண்டிருந்தார். வலது கை தொங்கிப்போயிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. எதையோ சொல்லத்தான் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கால் கொஞ்சம் தேறியிருந்தது. கோல் ஊன்றி நடப்பார். வலது கை மடியில் கிடந்தது. புத்தி தெளிவாக இருந்தது. சொன்னதெல்லாம் புரிந்தது. பேச்சு மட்டும் போய்விட்டது. போனது முழுசாகவும் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை தங்கியிருந்தது: “இல்ல.”

அந்த ஒற்றை வார்த்தையோடு அந்த வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை.

“டீ வேணுமா?”

“இல்ல.”

டிரைவர் தம்ளரை எடுத்துக்கொண்டு திரும்புவார். முதுகுக்குப் பின்னால் கோல் தரையில் டங்கென்று இடிக்கும். திரும்பிப் பார்த்தால் டீச்சர் முகம் சிவந்திருக்கும்.

“வேணும்னா வேணும்னு சொல்லேன்.”

“இல்ல. இல்ல, இல்ல!”

வேண்டும் என்பதற்கும் இல்ல, வேண்டாம் என்பதற்கும் இல்ல, பசிக்கிறது என்பதற்கும் இல்ல, ஜன்னலைச் சாத்துங்கள் என்பதற்கும் இல்ல. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஹாரன் சத்தத்தை வைத்து எந்த வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லிவிடுகிற மனுஷனுக்கு, கூட வாழ்ந்தவளின் ‘இல்ல’வைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சாப்பாட்டு வேளைதான் பெரிய கஷ்டம். கஞ்சியைக் குழைத்து, முட்டையை உதிர்த்துப் போட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஊட்ட வருவார். டீச்சர் இடது கையால் தட்டைத் தள்ளுவார். “ரெண்டு வாய், டீச்சர்.” மறுபடியும் தள்ளுவார். “உப்பு பத்தலையா?” தள்ளுவார். சில நாள் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் கஞ்சி. டிரைவர் துணியை எடுத்துத் துடைப்பார். துடைத்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் அழுவார்.

மகளுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. லீவு நாளில் ரயிலேறி வருவாள். வந்தவள் படங்கள் அச்சிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, கெட்டியாகச் செய்த படத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். தண்ணீர், சோறு, மாத்திரை, கழிப்பறை, தூக்கம்.

“அம்மா, எது வேணுமோ அதைத் தொட்டுக் காட்டினா போதும். பாரு, இது தண்ணி.”

டீச்சர் படத்தாளை உற்றுப் பார்த்தார். விரல் தண்ணீருக்குப் போய், தடுமாறி, மாத்திரையில் நின்றது. மகள் மாத்திரையை எடுத்தாள். டீச்சர் படத்தாளைத் தூக்கி வீசினார். அது சுவரில் பட்டு அலமாரிக்குப் பின்னால் விழுந்தது.

“அம்மாவுக்குக் கோபம் ரொம்ப வருதுப்பா” என்று மகள் அடுப்படியில் வந்து மூக்கை உறிஞ்சினாள்.

“உனக்கு ஸ்கூல்ல தப்பா கணக்குப் போட்டா வந்த கோபம்தான், கண்ணு. நம்ம மேல இல்ல. தன் மேலயே வர்ற கோபம்.”

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை பார்ப்பாள். சின்ன வயசு, அவசரப்படாத குரல். படத்தாள் பறந்த கதையை டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் சிரித்தாள்.

“எனக்கும் போன வாரம் ஒண்ணு பறந்துச்சு, சார். படம் எல்லாருக்கும் ஒத்துவராது. சிலருக்குப் பாட்டுல வரும், சிலருக்குக் கையில பிடிக்கிற பொருளா இருந்தாத்தான் வரும். அம்மா என்ன வேலை பாத்தாங்க?”

“டீச்சர். ரெண்டாம் வகுப்பு.”

“பாடத்துக்கு என்ன வெச்சுக்குவாங்க? கரும்பலகையா? புத்தகமா?”

டிரைவர் வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “டப்பா” என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். “அந்தச் சாமானெல்லாம் இப்ப எங்க?” என்றாள்.

அன்று மத்தியானமே டிரைவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். இரண்டாம் வகுப்பு இப்போது பக்கத்து வகுப்பு டீச்சரிடம் இருந்தது. டப்பா டீச்சர் இருந்த காலத்தில், “உங்க வகுப்புச் சத்தத்துல என் பிள்ளைங்க வாய்ப்பாடு மறந்துபோச்சு” என்று தினம் ஒருமுறை ஜன்னலில் வந்து சண்டை பிடித்த அதே டீச்சர். நடந்ததைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“எல்லாம் இருக்குண்ணே. ஆனா தூக்கிட்டுப் போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே உள்ள வந்து பாருங்க.”

டிரைவர் முதல்முறையாக ஜன்னலை விட்டு வாசல் வழியாகப் போனார்.

பழப்பெட்டி அலமாரி போய் மர அலமாரி வந்திருந்தது. டப்பாக்கள் மட்டும் அதே டப்பாக்கள். மணல் தட்டில் ஒரு பிள்ளை முழங்கைவரை மண்ணோடு எழுதிக்கொண்டிருந்தது. ஒன்று கம்பியை வளைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் புதிதாக ஒரு பெட்டி, காதில் மாட்டிக் கதை கேட்கிற கருவி. “இது நான் சேத்தது” என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர், கொஞ்சம் வெட்கத்தோடு. “மொதல்ல இதையெல்லாம் ஒதுக்கிட்டுப் பெஞ்சைத்தான் போட்டேன். ஒரு வாரம். ஒரே வாரம்தாண்ணே. அதுக்கப்புறம் நானே இழுத்துப் போட்டேன்.”

கையோடு கொண்டுவந்த துணிப்பையை டிரைவர் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சாமானை எதுக்கு அங்க கொண்டு போகணும்? அவங்களை இங்க கூட்டிட்டு வாங்கண்ணே” என்றார் அந்த டீச்சர்.

மறுநாள் வண்டி பிடித்துக் கூட்டிவந்தார். டீச்சர் வாசற்படியில் நின்றுவிட்டார். டிரைவர், “திரும்பிடலாமா?” என்றார். “இல்ல” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் உள்ளே காலை வைத்தார். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தன. யாருக்கும் அவரைத் தெரியாது. அவர் விட்டுப்போனபோது அதுகள் பிறந்திருந்தாலே பெரிது. ஒரு நாற்காலி போட்டார்கள். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்து வந்து, வகுப்புக்கு வருகிற எவரிடமும் கேட்கிற தோரணையில் கேட்டாள்:

“உங்களுக்கு என்ன வேணும்? மண்ணா, ரப்பரா, மணியா, கட்டையா?”

டீச்சர் அலமாரியை வெகுநேரம் பார்த்தார். மணல் தட்டைக் கண்ணால் காட்டினார். மடியில் வைத்ததும் இடது சுட்டுவிரலை மணலில் வைத்தார். ஒரு கோடு போனது. வளைந்தது. எழுத்தாகவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த விரல். அழித்தார், மறுபடி கோடு. மறுபடி எழுத்தாகவில்லை. டிரைவர் வேறு பக்கம் பார்த்தார்.

“வரலைன்னா வேற எடுத்துக்கலாம்” என்றாள் சடைக்காரி. அந்த வகுப்பில் அது சாதாரணச் சங்கதி. போய் நாலைந்து டப்பாக்களை அணைத்துக்கொண்டு வந்து எதிரில் வைத்தாள்.

டீச்சர் மூடிகளில் இரண்டை எடுத்தார். மணியை அள்ளி ஒரு மூடியில் போட்டார். இன்னொன்று காலி. காலி மூடிக்குப் பக்கத்தில் ஒரு நூல் கட்டையை நிறுத்தினார். மணி இருந்த மூடியை அந்தக் கட்டைப் பக்கம் தள்ளினார். பிள்ளைகள் சுற்றி வந்து குந்திக்கொண்டன. விளையாட்டு என்றால் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

“கடை!”

“இல்ல.”

“பஸ்ல டிக்கெட்!”

“இல்ல, இல்ல.”

டீச்சர் நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தார். கட்டையைத் தொட்டார். டிரைவரை நோக்கிக் கையை நீட்டினார். மறுபடி மூடியைக் கட்டைப் பக்கம் தள்ளினார். அவர் தட்டைத் தள்ளுகிற அதே தள்ளல்.

“கட்டைதான் இந்தத் தாத்தா” என்றாள் சடைக்காரி. “தாத்தாவைச் சாப்பிடச் சொல்றாங்க.”

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவர் டீச்சரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. ஊட்டி, துடைத்து, மாத்திரை கொடுத்து, பாத்திரம் கழுவிவிட்டு, அடுப்படியில் நின்றபடி ஆறிப்போனதை வழித்துப் போட்டுக்கொள்வார். இடுப்பில் கால்சட்டை நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். உப்பு பத்தலையா, சூடு அதிகமா என்று மாய்ந்து மாய்ந்து கேட்டாரே! “நீங்களும் சாப்பிடுங்க” என்று டீச்சர் மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“சாப்பிடறேன், டீச்சர்” என்றார். “இனிமே கூட உக்காந்தே சாப்பிடறேன்.”

டீச்சர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். மண்டுப் பிள்ளை ஒன்று கடைசியில் கணக்கைப் போட்டு முடித்தால் விடுகிற அதே பெருமூச்சு.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் இரண்டாம் வகுப்புக்குப் போனார்கள். டீச்சர் எதையாவது எடுத்துக்கொள்வார். சில நாள் காதில் மாட்டிக் கதை கேட்பார். சில நாள் பிள்ளைகளோடு சேர்ந்து எண் பாட்டு. ஒன்று, இரண்டு தானாக நாக்கில் வந்து, ஏழில் இடறி நிற்கும். ஒருநாள் ஒரு பையன் மணல் தட்டைக் கவிழ்த்தபோது, “ஏய், பாத்து!” என்று முழுசாக, பழைய அதட்டலாகவே வந்துவிட்டது. டீச்சரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மறுபடி சொல்லிப் பார்த்தார், வரவில்லை. பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது, “திட்டு முதல்ல வரும், சார். நல்ல சகுனம்” என்றாள்.

டிரைவர் பழைய ரூட்டில் நடையாக நடந்தார். மருந்துக்கடையில் இப்போது மகன் இருந்தான். தையல்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பேக்கரிக்காரர் மட்டும் அவரே, தலை பஞ்சாகி. “என்ன டிரைவரே, அண்ணி சாமானா?” என்று கேட்டார். டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டே பையை நீட்டினார். கூடத்தில் மறுபடியும் டின் உருண்டது. கட்டிலுக்கு அடியில் துடைப்பம் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து மூடிகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போது, பழைய வீடு திரும்பிவந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். போனதெல்லாம் போகட்டும், இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மகள் வந்து அந்தப் பேச்சை எடுத்தாள்.

“அப்பா, எங்க ஊர் ஆஸ்பத்திரியில தினமும் பயிற்சி குடுக்கறாங்க. கைக்குத் தனியா, பேச்சுக்குத் தனியா. முதல் வருஷத்துல வர்றதுதான் வரும்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க.”

“இங்க நல்லாத்தான இருக்கு. ‘பாத்து’ன்னு சொன்னா. ஏழு வரைக்கும் எண்ணுறா. இந்த வகுப்பு வேற எங்க கெடைக்கும்?”

“வாரம் ஒரு நாள் பயிற்சி போதுமாப்பா?”

“உனக்கு என்ன தெரியும், அவ அந்த வகுப்புல உக்காந்தா முகம் எப்பிடி இருக்குன்னு?”

“எனக்கும் அம்மாதான்ப்பா அது.”

“அம்மாவையே கேப்போம்” என்றாள் மகள். கூடத்துக்கு வந்து காலடியில் உட்கார்ந்தாள். “அம்மா, என்கூட வர்றியா?”

“இல்ல” என்றார் டீச்சர்.

“பாத்தியா!” என்றார் டிரைவர்.

“டீ வேணுமான்னு கேட்டாலும் இல்லன்னுதானேப்பா சொல்லுது?”

அப்பாவும் மகளும் அந்த ஒரு ‘இல்ல’வை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, டீச்சர் கோலை ஊன்றி எழுந்தார். ஜன்னலோரம் போனார். கதவு ஆணியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்து, ஸ்டூலில் விரித்துவைத்து, மூடிகளை இடது கையால் ஒவ்வொன்றாக அதில் போட்டார். பிறகு மணி. பிறகு கம்பி, கூழாங்கல், கட்டைகள். டிரைவர் வெட்டிக் கொடுத்திருந்த ரப்பர் எழுத்து டின்னைத் தூக்க முடியவில்லை. டிரைவர் எழுந்து உதவப் போனார். வேண்டாம் என்று தோளால் தள்ளிவிட்டு, டின்னை நெஞ்சோடு அணைத்துப் பைக்குள் சரித்தார். பையை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மகளின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இனி யாரும் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

டிரைவருக்குச் சுருக்கென்றது. அந்த வகுப்பையும், மழையில் டப்பா நிரம்பிய சத்தத்தையும், ஜன்னல் கம்பியையும் கட்டிக்கொண்டு அழுதது தான் ஒருவர்தான் என்று புரிந்தது. டீச்சர் வருஷா வருஷம் ஒரு வகுப்புப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நாளே புதுப் பிள்ளைகளுக்கு டப்பாவைக் கழுவி வைத்தவர். நின்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது?

“சரி, டீச்சர். உன் இஷ்டம்” என்றார். உள்ளே போய்த் தன் துணிகளை மடித்தார்.

மகளின் ஊரில் ஆஸ்பத்திரி பெரியது. லிஃப்டில் ஏறி, பளபளக்கும் நடையைத் தாண்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பயிற்சி அறை. அதற்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். தினமும் அங்கே காத்திருப்பார்கள். டீச்சருக்கு இப்போது வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. கேட்டபோது வராது. நினைக்காத நேரத்தில் வரும். ‘தண்ணி’ வந்தது, ‘போதும்’ வந்தது. மகள் பெயரைச் சொல்லப் போய் டிரைவர் பெயர் வந்தது. அதைக் கேட்டு அவர் காதுவரை சிவந்தார். கல்யாணமான நாளாக டீச்சர் அவரைப் பேர் சொன்னதே இல்லை.

ஒரு காலையில் எதிர் நாற்காலியில் புதிதாக ஒருவர். ஓங்குதாங்கான ஆள், சுமை தூக்குகிற வேலையாக இருக்க வேண்டும், அப்படித் தோள். வாய் கோணியிருந்தது. மடியில் ஒரு படத்தாள். பக்கத்தில் அவர் மனைவி. “தொடுங்க. எது வேணும்னு தொடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல” என்று மெதுவாக, பிறகு கொஞ்சம் உரக்க, பிறகு அழுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் படத்தாளைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்தார். துணிப்பையை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவிலிருந்த குட்டி மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு மூடி, கொஞ்சம் மணி, வளைந்த கம்பி ஒன்று, ஒரு நூல் கட்டை, ஒரு கூழாங்கல். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, எல்லாம் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி. வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

டிரைவரும் பின்னாலேயே போய் நின்றார். ஆளின் கையை எடுத்து மேஜையில் வைத்துவிடலாமா என்று குனிந்தார். டீச்சரின் இடது கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

பயிற்சி அறைக் கதவு திறந்து மூடியது. யாரையோ கூப்பிட்டார்கள். லிஃப்ட் வந்து போனது. அந்தப் பெரிய கை முழங்காலிலிருந்து கிளம்பி, மேஜை விளிம்பில் நின்று, கம்பியைத் தாண்டி, மணியைத் தாண்டி, கூழாங்கல்லை எடுத்தது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டது. அவர் தரையிலிருந்து கண்ணை எடுத்து, மூடிய கையைப் பார்த்தார்.

“இதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?” என்று அவர் மனைவி டிரைவரிடம் ரகசியமாகக் கேட்டாள். “தண்ணி வேணுங்கறாரா? வலிக்குதுங்கறாரா?”

“தெரியலையேம்மா” என்றார் டிரைவர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். “நாளைக்கும் வருவீங்கல்ல?”